நீல நிறத்தால் தசையை அளந்தவர்: எல்லாப்பிரகட சுப்பாராவ் (1895–1948)

பழைய மாணவி, ஜெயபுரம்

நூற்றாண்டு மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, எல்லோரும் அறிந்த மேரி கியூரி அம்மையாரைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். நான் மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள். எங்களுக்கு வரும் துண்டுகளில் வைத்தியர்கள் அடிக்கடி சி.பி.கே. என்று மூன்று எழுத்துகளை எழுதி அனுப்புவார்கள். தசைக்குள் இருக்கும் கிரியேற்றின் பொஸ்போகைனேசு என்னும் நொதியம் இரத்தத்தில் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்பதே அதன் பொருள். அந்த மூன்று எழுத்துகளில் நடுவிலுள்ள எழுத்து பொஸ்பரசைக் குறிப்பது. தசையிலுள்ள பொஸ்பரசைச் சரியாக அளக்கும் வழியைக் காட்டிய இருவரில் ஒருவர் சென்னையில் வைத்தியம் படித்தவர். உயர்தர உயிரியல் பாடத்தில் ஏ.ரி.பி. என்ற சொல்லை நாம் எல்லோரும் மனனம் செய்திருக்கிறோம். அதைக் கண்டறிந்தவர்களில் ஒருவராக அவர் பெயரையும் சொல்லித்தந்த ஆசிரியர்கள் மிகச் சிலரே. ஆகையால் அவரைப் பற்றியே எழுதுகிறேன்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12 ஆம் திகதி, அக்காலச் சென்னை மாகாணத்தின் கோதாவரிப் பகுதியிலுள்ள பீமவரத்தில் பிறந்தார். தாய்மொழி தெலுங்கு. தந்தை ஜகந்நாதம் வருவாய்த் திணைக்களத்தில் சிறு உத்தியோகம் பார்த்தவர். நோயினால் முன்னதாகவே வேலையை விட்டவர். ஏழு பிள்ளைகள் கொண்ட குடும்பத்தைத் தாங்கியவர் தாய் வெங்கம்மா. பதின்மூன்று வயதில் சுப்பாராவ் வீட்டை விட்டு ஓடினார். காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாவது அவருடைய திட்டம். பாதி வழியில் பிடித்துக் கொண்டுவந்து மீண்டும் பள்ளியில் இருத்தினார்கள்.

பள்ளியிலும் பெயர் எடுக்கவில்லை. மெற்றிக்குலேசன் பரீட்சையில் இரண்டு முறை தவறினார். சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து மூன்றாம் முறைதான் சித்தியடைந்தார். எமது நாட்டில் உயர்தரப் பரீட்சையின் மூன்றாம் தடவை என்றால் என்ன என்பதை இதை வாசிக்கும் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை. அவருக்கு அந்த மூன்றாம் தடவையைக் கொடுத்தவர் தாய். 1913 இல் தந்தை காலமானார். வெங்கம்மா நகைகளை விற்று மகனைப் படிப்பித்தார்.

பிரசிடென்சிக் கல்லூரிக்குப் பின் அவர் மனம் இராமகிருஷ்ண மடத்துத் துறவு வாழ்வை நாடியது. தாய் சம்மதிக்கவில்லை. வைத்தியம் படித்தால் துறவியாகாமலே மக்களுக்குத் தொண்டு செய்யலாம் என்ற எண்ணத்துடன் சென்னை மருத்துவக் கல்லூரிக்குச் சென்றார். நண்பர்களும், கஸ்தூரி சூரியநாராயணமூர்த்தி என்பவரும் படிப்புச் செலவுக்கு உதவினர். 1919 இல் சூரியநாராயணமூர்த்தியின் மகள் சேஷகிரியை மணம் முடித்தார்.

அது காந்தியடிகளின் அழைப்பில் மக்கள் அந்நியத் துணியைத் துறந்த காலம். சுப்பாராவ் கதர்த் துணியில் தைத்த அங்கியை அணிந்து சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போனார். சத்திரசிகிச்சைப் பேராசிரியர் பிராட்பீல்டுக்கு அது பிடிக்கவில்லை. முடிவில், எழுத்துப் பரீட்சைகளில் நன்றாகச் செய்திருந்தும் அவருக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். தகைமையே கிடைத்தது. அரசாங்க மருத்துவ சேவையிலும் இடம் கிடைக்கவில்லை. வைத்தியர் லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளராகச் சேர்ந்தார்.

இந்தக் காலத்திலேயே அவர் குடும்பத்தை ஸ்புரூ என்னும் நோய் பிடித்தது. வெப்ப நாடுகளில் வரும் கொடிய வயிற்றோட்டம் அது. உண்ட உணவு உடலில் ஒட்டாது, இரத்தம் வற்றி, உடல் உருகிப்போகும். சகோதரர் இருவரை அடுத்தடுத்து இழந்தார். அவரும் அந்நோயில் விழுந்து, ஆயுர்வேத மருந்தால் எழுந்தார். இதற்கு என்ன காரணம், என்ன மருந்து என்ற கேள்வியோடுதான் அவர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற நினைத்தார். காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தர்மநிதியும் மாமனாரும் பணம் கொடுத்தனர்.

1920களின் முற்பகுதியில், ஓர் ஒக்டோபர் மாதத்தில், பொஸ்ரன் நகரில் இறங்கினார். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் வெப்பவலய மருத்துவப் பள்ளியில் இடம் இருந்தது, புலமைப்பரிசில் இல்லை. அங்கீகாரமற்ற தகைமையோடு வைத்தியராகவும் வேலை செய்ய முடியாது. பீற்றர் பென்ற் பிரிகாம் வைத்தியசாலையில் இரவுச் சிற்றூழியராகச் சேர்ந்தார். பகலில் படிப்பு, இரவில் நோயாளரின் மலசலப் பாத்திரங்களைக் கழுவும் வேலை. வெளிநாட்டுக்குப் போன எங்கள் பிள்ளைகள் பலருக்கு இந்தக் கதையில் புதிதாக ஒன்றும் இருக்காது.

டிப்ளோமா முடித்தபின் அதே பல்கலைக்கழகத்தின் உயிர்இரசாயனப் பகுதியில், சைரஸ் பிஸ்க் என்பவரின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். அங்கு கொடுக்கப்பட்ட வேலை, இரத்தத்திலும் திசுக்களிலும் பொஸ்பேற்றை அளக்க நம்பகமான முறையொன்றை உருவாக்குவது. கேட்பதற்குச் சிறிய வேலைதான்.

பொஸ்பேற்றுக்கு நிறம் இல்லை. எனவே அதைக் கண்ணால் காண, நிறம் தரும் ஒன்றாக மாற்ற வேண்டும். இதற்கு முன்பும் முறைகள் இருந்தன. ஆனால் சிலவற்றில் நிறம் மிக மெதுவாக வந்தது, சிலவற்றில் வந்த நிறம் நிலைக்கவில்லை. பிஸ்க்கும் சுப்பாராவும் செய்தது இதுதான். திசுவை அரைத்து, முக்குளோரோ அசற்றிக் அமிலம் விட்டுப் புரதத்தை வீழ்படிவாக்கி வடிகட்டுவார்கள். தெளிந்த வடிநீருடன் அமிலத்தில் கரைத்த மொலிப்டேற்றைச் சேர்ப்பார்கள். அது பொஸ்பேற்றோடு சேர்ந்துகொள்ளும். பிறகு அமினோநப்தோல் சல்போனிக் அமிலம் என்ற தாழ்த்தும் கருவியைச் சேர்த்தால், சில நிமிடங்களில் நல்ல நீல நிறம் தோன்றும். பொஸ்பேற்று கூடக் கூட நீலமும் கூடும். அளவு தெரிந்த பொஸ்பேற்றுக் கரைசல் ஒன்றையும் அதேபோல் செய்து பக்கத்தில் வைத்து, நிறமானியின் கண்வில்லைக்குள் இரண்டு நீலங்களையும் ஒப்பிடுவார்கள். 1925 இல் இந்த முறை அச்சில் வந்தது. ஆய்வுகூடக்காரர்கள் இன்றும் அதை பிஸ்க்–சுப்பாராவ் முறை என்றே அழைக்கிறார்கள். உயிர்இரசாயனத்தில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுக்கட்டுரைகளில் அதுவும் ஒன்று.

முறை இரத்தத்தில் சரியாக வந்தது. தசையில் வைத்துப் பார்த்தபோது ஒரு தொல்லை. ஒப்பீட்டுக் கரைசலில் நீலம் சில நிமிடங்களில் முழுமையாகி நின்றுவிடும். தசையின் வடிநீரிலோ முதலில் வெளிறிய நீலம் வந்து, பின்னர் நேரம் போகப் போகக் கறுத்துக்கொண்டே போனது. ஐந்து நிமிடத்தில் பார்த்தால் ஒரு பெறுமானம், அரை மணித்தியாலத்தில் பார்த்தால் இன்னொன்று. என் அனுபவத்தில், இப்படி நடந்தால் எவரும் முதலில் இரசாயனப் பொருளைத்தான் சந்தேகிப்பார்கள். புதுப் போத்தலை உடைத்துத் திரும்பச் செய்வார்கள். அவர்கள் இருவரும் அந்தத் தாமதத்தையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்தார்கள். நீலம் பிந்தி வருகிறது என்றால், பொஸ்பேற்றும் பிந்தித்தான் வெளிவருகிறது. அப்படியானால் அது முதலில் வேறு எதனோடோ பிணைந்திருந்து, சோதனைக்குழாயின் அமிலத்தில் மெல்ல மெல்ல விடுபடுகிறது.

அந்த வேறு எது கிரியேற்றின். தசையில் கிரியேற்றின் இருப்பது நீண்டகாலமாகத் தெரியும். எதற்கு இருக்கிறது என்பதுதான் தெரியாது. அது பொஸ்பேற்றுடன் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இணைந்து, கிரியேற்றின் பொஸ்பேற்றாக இருப்பதை 1927 இல் அவர்கள் வெளியிட்டார்கள். பூனையின் தசையை மின்னால் தூண்டி வேலை செய்வித்தால் அது குறைந்தது. ஓய்வு கொடுத்தால் மீண்டும் ஏறியது. தசை தன் அவசரத் தேவைக்குச் சேர்த்து வைக்கும் கைக்காசு அது என்று சொல்லலாம். முன்னையவர்கள் இதைக் காணாததற்குக் காரணம் எளிது. அமிலத்தில் அது உடைந்துவிடும்; உடைந்தபின் அளந்தவர்கள் சாதாரண பொஸ்பேற்று என்று கணக்கெழுதிவிட்டார்கள். அதே காலத்தில் லண்டனில் பிலிப் எகிள்ற்றன், கிரேஸ் எகிள்ற்றன் என்ற தம்பதியர் தவளைத் தசையில் இதே பொருளை வேறு வழியாகக் கண்டு, பொஸ்பாஜன் என்று பெயரிட்டிருந்தனர். கிரேஸ் அம்மையாரின் பெயரை இம்மலரில் ஒருமுறையாவது அச்சிட வேண்டும் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

1929 இல் அடுத்த கண்டுபிடிப்பு. தசையில் பொஸ்பேற்று மூன்றை வரிசையாகக் கொண்ட ஒரு சேர்வையைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் ஏ.ரி.பி. ஜேர்மனியில் கார்ல் லோமன் அதே ஆண்டில் தனியாகக் கண்டறிந்தார். முதலில் அச்சேறியது அவருடையது. அதற்கு முன், தசை இயங்குவது இலற்றிக் அமிலத்தின் தோற்றத்தினால்தான் என்று நம்பப்பட்டது. அந்த ஆராய்ச்சிக்காக ஹில், மயர்ஹோவ் என்ற இருவருக்கு 1922 ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசே கிடைத்திருந்தது. 1930 இல் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்ட், இலற்றிக் அமிலம் உண்டாகாதபடி நஞ்சூட்டிய தசையும் சுருங்குகிறது, அப்போது கிரியேற்றின் பொஸ்பேற்றே செலவாகிறது என்று காட்டினார். பழைய கோட்பாடு விழுந்தது. அதை விழுத்திய பொருள், முதலில் ஒரு நீல நிறத்தின் தாமதமாகவே கண்ணுக்குப் பட்டது.

இனி நொதியத்துக்கு வருவோம். நொதியத்தை நிறுத்து அளப்பது நடைமுறையில் இயலாது. ஒரு சொட்டு இரத்தத்தில் அது அவ்வளவு சிறிதாக இருக்கும். ஆகையால் அது செய்யும் வேலையை அளக்கிறோம். நெல் குற்றும் மில்லின் பலத்தை அறிய மெஷினை நிறுக்கத் தேவையில்லை. மணித்தியாலத்தில் எத்தனை மூட்டை குற்றியது என்று பார்த்தால் போதும். கிரியேற்றின் பொஸ்பேற்றிலிருந்து பொஸ்பேற்றை எடுத்து ஏ.டி.பி. மீது வைத்து ஏ.ரி.பி. ஆக்குவதும், தேவைப்பட்டால் திருப்பிச் செய்வதும் சி.பி.கே. யின் வேலை. லோமன் 1934 இல் விவரித்த தாக்கம் இது. கிரியேற்றினையும் ஏ.ரி.பி. யையும் கொடுத்து, நொதியத்தைக் குறித்த நேரம் வேலை செய்யவிட்டு நிறுத்தி, உண்டான கிரியேற்றின் பொஸ்பேற்றை அமில மொலிப்டேற்றில் உடையவிட்டு நீலத்தை அளப்பது பழைய முறைகளில் ஒன்று. அந்நிலையில் ஏ.ரி.பி. உடையாது. 1925 இல் தொல்லையாக இருந்த அதே பலவீனம் இங்கே அளவுகோலாகிவிட்டது.

அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரில் கேர்ட்டி கோரி அம்மையார் தசையிலுள்ள இன்னொரு நொதியமான பொஸ்போரிலேசை ஆராய்ந்தபோது, அது விடுவிக்கும் பொஸ்பேற்றை அளக்கக் கைக்கொண்டதும் பிஸ்க்–சுப்பாராவ் முறையே. கணவருக்குப் பேராசிரியர் பதவியும் இவருக்கு அற்பச் சம்பளத்தில் உதவியாளர் இடமும் என்று நீண்டகாலம் நடந்தது. 1947 இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். மருத்துவத்துக்கு அப்பரிசு பெற்ற முதற்பெண் அவர். ரஷ்யாவில் எங்கல்ஹார்ட்டுடன் சேர்ந்து, தசைப் புரதமான மயோசினே ஏ.ரி.பி. யை உடைக்கும் நொதியமாகவும் இருக்கிறது என்று 1939 இல் காட்டிய மிலித்சா லியூபிமோவாவும் பெண்தான்.

1959 இல் ஜப்பானின் எபாஷியும் கூட்டாளிகளும், தசைச் சிதைவு நோயுள்ளோரின் சீரத்தில் சி.பி.கே. மிகவும் உயர்ந்திருப்பதை வெளியிட்டனர். அதன்பின் இந்தப் பரிசோதனை ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து வைத்தியசாலைக்கு வந்தது. இப்போது நாங்கள் நீலத்தைப் பார்ப்பதில்லை. நொதியம் உண்டாக்கும் ஏ.ரி.பி. யை வேறு இரண்டு நொதியங்களின் கையில் கொடுத்து, முடிவில் வரும் என்.ஏ.டி.பி.எச். என்ற பொருள் 340 நனோமீற்றர் ஒளியை எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்பதை இயந்திரம் 37 பாகை வெப்பநிலையில் பார்க்கிறது. ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமோல் மாற்றம் ஓர் அலகு. லீற்றருக்கு இத்தனை அலகு என்று பெறுபேறு எழுதுகிறோம்.

ஆனால் இயந்திரம் தரும் எண் நோயாளியின் நிலையை அறிந்து தருவதில்லை. முதல் நாள் வயலில் வரம்பு கட்டியவருக்கும், தசையில் ஊசி போட்டவருக்கும் சி.பி.கே. ஏறும். ஆண்களுக்குத் தசை கூட, ஆகவே சாதாரண அளவும் கூட. செங்குழியங்கள் உடைந்த மாதிரியில் அவற்றுக்குள்ளிருந்து வரும் வேறொரு நொதியமும் ஏ.ரி.பி. செய்து கணக்கைக் குழப்பும். எங்கள் வன்னியில் வயலில் புடையன் என்னும் கண்ணாடிவிரியன் கடித்தவர்களுக்கும், பூநகரிக் கரையோரம் போன்ற இடங்களில் வலையோடு வரும் கடற்பாம்பு கடித்தவர்களுக்கும் தசை சிதையலாம். சிதைந்த தசையிலிருந்து வெளிவருபவை சிறுநீரகத்தை அடைத்துவிடக்கூடும். அப்போது அந்த எண் சிகிச்சையைத் தீர்மானிக்க உதவும். நடை தள்ளாடி, நிலத்தில் கையூன்றி எழும்பும் சிறு பையனின் பெறுபேறு ஆயிரக்கணக்கில் வரும்போது வேறுவிதமாகப் பாரமாக இருக்கும். டுசேன் தசைச் சிதைவு தாய்வழியாக வரக்கூடியது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளில் அது தாயிடம் இல்லாமல் புதிதாகத் தோன்றியதாகவும் இருக்கும். தாயைக் குற்றம் சொல்ல அவசரப்படும் உறவினர்கள் இந்த இரண்டாம் பாதியை அறிவதில்லை.

சுப்பாராவ் 1930 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். இவ்வளவு செய்தும் ஹாவார்டில் அவருக்கு நிரந்தர ஆசிரியப் பதவி கிடைக்கவில்லை. அவர் பிரித்தெடுத்த சில பொருள்களை வெளியிட பிஸ்க் இடம் தராததால், பிற்காலத்தில் மற்றவர்கள் அவற்றை மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்று அந்த ஆய்வுகூடத்தில் மாணவராக இருந்து பின்னர் நோபல் பரிசு பெற்ற ஜோர்ஜ் ஹிற்சிங்ஸ் சொல்லியிருக்கிறார். சுப்பாராவ் தம் பெயருக்காகச் சண்டை பிடித்தவரல்லர். அது பெருந்தன்மை என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது நட்டம் என்றே படுகிறது.

1940 இல் நியூயோர்க்குக்கு அருகே பேர்ல் ரிவரிலுள்ள லெடேலே மருந்து நிறுவனத்துக்கு முழுநேரமாகச் சென்று, அங்கு ஆராய்ச்சிப் பணிப்பாளரானார். எட்டே ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டில் நடந்தவற்றை வேகமாகச் சொல்லிப் போவதே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. 1945 இல் அவருடைய குழுவினர் போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தனர். பம்பாயில் கர்ப்பிணித் தொழிலாளப் பெண்களின் இரத்தச்சோகையை ஆராய்ந்து, ஈஸ்ற்றில் ஏதோ ஒரு மருந்துப்பொருள் இருக்கிறது என்று 1931 இல் லூசி வில்ஸ் அம்மையார் காட்டியிருந்தாரே, அது இதுதான். ஸ்புரூ நோய்க்கும் அது மருந்தாயிற்று. சகோதரரை இழந்து கப்பல் ஏறியவர் தேடிய விடைக்கு இருபது ஆண்டுக்கும் மேல் எடுத்தது. இன்று கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் அந்தச் சின்னக் குளிசையைக் கையில் வாங்காத தாய் எமது சங்கத்தில் இருக்கமாட்டார்.

போலிக் அமிலத்தைப் போலத் தோன்றி அதன் வேலையைத் தடுக்கும் சேர்வைகளையும் அக்குழு செய்தது. அவற்றில் ஒன்றான அமினொப்ரெறினைக் கொண்டு பொஸ்ரனில் சிட்னி பார்பர் இரத்தப்புற்றுநோய்ப் பிள்ளைகளுக்குத் தற்காலிகமாகவேனும் நோயைத் தணித்தது 1948 இல் வெளியானது. அதன் உறவான மெதொற்றெக்சேற் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் எழுதப்படுகிறது. யானைக்கால் நோய்க்கான டி.ஈ.சி. மாத்திரையும் அங்கிருந்து வந்ததே. எமது நாட்டில் அந்நோய் இருந்த மாகாணங்களில் அந்த மாத்திரையை ஊர் ஊராகக் கொடுத்தார்கள். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையில் யானைக்கால் நோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்ததை உறுதிசெய்தது. பெஞ்சமின் டகர் கண்ட ஓரியோமைசின் என்ற நுண்ணுயிர்கொல்லியும் அவர் பணிப்பாளராக இருந்த காலத்தில் வெளிவந்ததே.

இவற்றையெல்லாம் செய்த மனிதர் அமெரிக்கப் பிரஜையாகவே இல்லை. 1946 வரை இந்தியர்களுக்குச் சட்டம் இடம் தரவில்லை. இடம் வந்தபின்னும் அவர் ஆகவில்லை. ஊருக்கும் திரும்பவில்லை. அவர் புறப்பட்ட பின் பிறந்த மகன் சிசுவாகவே இறந்துபோனான்; தந்தை முகம் பார்க்கவில்லை. சேஷகிரி அம்மாள் கணவரை மறுபடி காணவேயில்லை. சுப்பாராவின் வரலாற்றை எழுதுபவர்கள் அவருக்கு ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி ஒதுக்குகிறார்கள். காணாமற்போனவர்களுக்காகக் காத்திருக்கும் பெண்களுக்கு நடுவே வாழ்கின்ற நாங்கள், அந்த வரியில் கொஞ்சம் கூடுதலாக நிற்கலாம்.

1948 ஓகஸ்ட் மாதத்தில், மாரடைப்பால், உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 53. இந்திய அரசு 1995 இல் அவர் உருவம் பொறித்த முத்திரை வெளியிட்டது. ஒரு பூஞ்சண இனத்துக்கும் சுப்பாரோமைசெஸ் என்று அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். வைத்தியசாலை இயந்திரங்கள் சீரத்திலுள்ள பொஸ்பேற்றை அளக்க இன்றும் மொலிப்டேற்றையே பயன்படுத்துகின்றன. பலவற்றில் நீலமாக்கும் படி மட்டும் விடுபட்டுவிட்டது. அந்த நீலத்தைக் காண விரும்பும் மாணவிகள் பல்கலைக்கழகத்தில் உயிர்இரசாயனவியல் எடுத்தால் செய்முறை வகுப்பில் காணக் கிடைக்கலாம். மொலிப்டேற்றை விட்டு, தாழ்த்தும் கருவியை விட்டு, குழாயை மெல்ல ஆட்டிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.